லிங்கனில் வசந்தம்: மைதானமா, வாக்குச்சாவடியா?

நெப்ராஸ்கா மாநிலத் தலைநகர் லிங்கனில், ஒற்றைப்படை ஆண்டு வசந்தத்தில் இரண்டு போட்டிகள் நடப்பது வழக்கம். ஒன்று பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் வசந்த ஆட்டம், இன்னொன்று மாநகராட்சித் தேர்தல்.

ஆட்டத்தில் ஒரே அணிதான் சிவப்பு, வெள்ளை என்று பிரிந்து மோதும். வெற்றி எந்தக் கணக்கிலும் சேராது. ஆனாலும் 2013 ஏப்ரல் 6 அன்று 60,000 பேர் திரண்டார்கள். மூளைப் புற்றுநோயோடு போராடிய 7 வயதுச் சிறுவன் ஒருவன், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு 69 கெஜம் ஓடினான். இரு தரப்பு வீரர்களும் ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கிவிடும்.

தேர்தலில் அந்தச் சிலிர்ப்பு கிடையாது. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது. மேயர் தேர்தல் வரும் ஆண்டில், ஏப்ரல் முதல் சுற்றில் முந்தும் இருவர் அந்தப் பதவிக்கு மே மாதம் மோதுவார்கள். 2023-ல் மேயர் கேலர் பேர்ட் மறுபடி வென்றார். ஆனால் சாலைக் குழியை அடைப்பதும் பேருந்து ஓடுவதும் இங்கேதான் முடிவாகிறது.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், வாக்குச்சாவடிக்கே போங்கள் என்பேன். ஆட்டத்தை அணியே நிறுத்திவிடலாம். அப்படித்தான், தன் வீரர்களைப் பிற அணிகள் இழுத்துவிடும் என்று அஞ்சி, பயிற்சியாளர் மேட் ரூல் 2025-ல் வழக்கமான வசந்த ஆட்டத்தைக் கைவிட்டார்.