ஆலயத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாமா?

செட்டிநாட்டு ஆத்தங்குடி ஊரில் கையால் செய்கிற சிமெண்ட் தரைக்கல்தான் ஆத்தங்குடிக் கல். வீட்டுக்கு அதைப் போட்டவர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஆலயத்துக்குப் போட்டவர்கள் எழுதி நான் பார்த்ததில்லை. காரைக்குடிப் பக்கம் உள்ள எங்கள் சிறிய தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தில் இந்தக் கல்லைப் பதித்து இரண்டு கிறிஸ்துமஸ் கடந்துவிட்டது. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பாகச் சனிக்கிழமை மாலைகளில் அந்தத் தரையைக் கூட்டித் துடைப்பவர்களில் நானும் ஒருத்தி. வேறு சபைக் கமிட்டி யாராவது இதே யோசனையில் இருந்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், எங்களுக்குத் தரை ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஆலயத்தில் பெஞ்சு கிடையாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக ஜமுக்காளத்தில் உட்காருவோம். முழங்கால் மடக்க முடியாதவர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி. புதன் மாலை வேதபாடம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், அது முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து குடிக்கிற கஞ்சி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கதையும் பாட்டும், திருவிருந்துக்கு முழங்காலில் நிற்பது, எல்லாம் தரையில்தான். பழைய சிமெண்ட் தரை பொரிந்து போய், ஜெபம் முடிந்து எழுந்தால் முழங்காலில் மணல் ஒட்டியிருக்கும். கைக்குழந்தையைக் கீழே விட மனசு வராது.

கமிட்டியில் பாதிப் பேர் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் போதும் என்றார்கள். விலையும் தோதாக இருந்தது, வேலையும் சீக்கிரம் முடியும். எங்கள் சபையின் மூத்த பெரியம்மா ஒருவர்தான் அதைத் தடுத்தார். “ஐப்பசி மழையில ஈரக் காலோட அதுல நடக்க எனக்குப் பயமா இருக்கும்மா” என்றார். பேச்சு ஆத்தங்குடிப் பக்கம் திரும்பியது அதற்கு அப்புறம்தான்.

பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். ஆத்தங்குடியில் பட்டறைகள் பல இருக்கின்றன. இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் கலர்க் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, அதற்கு மேல் கலவை போட்டுத் தட்டிச் சமன் செய்கிறார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைப்பது. பாலிஷ் மெஷின் இல்லாமலே முகம் வழவழவென்று வருவது அந்தக் கண்ணாடியால்தான். ஒவ்வொரு கல்லும் கையால் ஊற்றியது, ஆகவே ஒரு பூ போல இன்னொரு பூ அச்சாக இருக்காது. எங்களோடு வந்த கமிட்டி அண்ணன் ஒருவர் அதைக் குறையாகச் சொன்னார். எனக்கு அதுதான் பிடித்தது.

பூ டிசைனுக்கு விலை கூடுதல், ஒற்றை நிறத்துக்குக் குறைவு. அதனால் நடுப்பாதைக்கும் பீடத்தின் முன்பக்கத்துக்கும் மட்டும் பூக்கல், இரண்டு பக்கமும் உட்காரும் இடத்துக்குச் செங்காவி நிறக் கல் என்று முடிவு செய்தோம். பணம் சபையாரே போட்டது. சிலர் தொகையாகக் கொடுத்தார்கள், சிலர் ‘ஒரு வரிசைக் கல் எங்க வீட்டுக் கணக்கு’ என்று ஏற்றுக்கொண்டார்கள். கல் வந்த அன்றைக்கு இறக்கி அடுக்க வாலிபர் சங்கப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். முனை உடைந்த கற்கள் சில இருந்தன. இந்தக் கல்லுக்கு முனைதான் பலவீனம், கொஞ்சம் சேர்த்தே வாங்குங்கள்.

பதித்த புதிதில் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மங்கலாக, மேலே வெள்ளை பூத்தது போல இருந்தது. ‘இதுக்கா இவ்வளவு செலவு’ என்று ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது கேட்டவர்களும் உண்டு. உமி போட்டுத் தேய்த்தோம், வாராவாரம் வெறும் தண்ணீரில் துடைத்தோம். துடைக்கத் துடைக்க, கால் படப் பட, மினுக்கம் வந்தது. இப்போது நடுப்பாதைதான் ஆலயத்திலேயே அழகான இடம், ஏனென்றால் எல்லோரும் நடப்பது அங்கேதான். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பல தலைமுறைக்கு முன் பதித்த கல் இன்னும் பளிச்சென்று இருப்பதன் காரணம் எனக்கு இந்தத் தரையைத் துடைத்துத்தான் புரிந்தது.

மினுக்கத்துக்காகத் துடைக்கிற தண்ணீரில் தேங்காய் எண்ணெய் விடுவதானால் கவனம் வேண்டும். ஒரு வாளித் தண்ணீருக்குச் சில சொட்டுப் போதும். அதிகம் விட்டால் தரை வழுக்கும், தூசியும் ஒட்டும். வயதானவர்கள் வரும் இடம், ஞாயிறு காலையில் எண்ணெய்த் துணி பக்கமே போகாதீர்கள்.

கறை பற்றிச் சொல்கிறேன். இது சிமெண்ட், உறிஞ்சும். திருவிருந்தின் திராட்சை ரசம் சிந்தினால் அந்த நிமிஷமே துடைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி ஆராதனையில் உருகி விழுந்த மெழுகைக் கத்தியால் சுரண்டாமல், இறுகவிட்டுப் பிளாஸ்டிக் ஸ்கேலால் தள்ளி எடுத்தோம், பழுதில்லை. அறுப்பின் பண்டிகைக்கு நெல் மூட்டை, வாழைத்தார், பூசணி எல்லாம் பீடத்துக்கு முன் குவியும். முதல் வருஷம் ஈரச் சாக்கு இருந்த இடத்தில் ஒரு வட்டம் விழுந்துவிட்டது. இப்போது தார்ப்பாய் விரித்துத்தான் காணிக்கைப் பொருளை வைக்கிறோம். அந்தப் பொருளை ஏலம் விடும்போது எவ்வளவு கூட்டம் நெருக்கினாலும் கல் ஒன்றும் அசையவில்லை.

ஆசிட் மட்டும் கூடவே கூடாது. பதித்த கொத்தனார் சிமெண்ட் பொட்டுகளை எடுக்க வாசல் மூலையில் ஆசிட் ஊற்றிவிட்டார். அந்த இடம் நிறம் வெளுத்து, முகம் சொரசொரப்பாகிவிட்டது. அங்கே இன்னும் மினுக்கம் வரவில்லை. வேலை தொடங்கும் அன்றே ஆளிடம் சொல்லிவிடுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள். இரும்புப் பீரோவை இழுக்கக் கூடாது, தூக்கத்தான் வேண்டும்.

எனக்கு முழுத் திருப்தி எதில் என்றால், மே மாத விபிஎஸ்ஸில், அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளியில். காரைக்குடி வெயில் உங்களுக்குத் தெரியும். வெளியே கால் வைக்க முடியாத நேரத்தில் உள்ளே கல் குளிர்ந்து கிடந்தது. சபைப் பிள்ளைகளோடு தெருவில் உள்ள மற்ற வீட்டுப் பிள்ளைகளும் வந்து, ஜமுக்காளத்தைத் தள்ளிவிட்டு வெறும் கல்லில் படுத்துப் படம் வரைந்தார்கள். கிரேயான் கறை சோப்புத் தண்ணீரில் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கஞ்சி முடிந்தும் இப்போது யாரும் உடனே கிளம்புவதில்லை. முன்பு தரை உறுத்த எழுந்துவிடுவார்கள். இப்போது சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை என்று பேசுகிறார்கள். அடுத்த வார ஜெபக் குறிப்புகள் பாதி அங்கேதான் சேர்கின்றன.

நாற்காலியும் பெஞ்சும் நிறைத்து வைத்திருக்கும் பெரிய ஆலயங்களுக்கு இந்தச் செலவு தேவையா என்றால், என் கணக்கில் நடுப்பாதைக்கு மட்டும் போதும். வாரம் ஒருமுறை துடைக்க ஆள் சேராத சபைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன், இந்தக் கல் துடைக்காமல் விட்டால் மங்கிவிடும். தரையில் உட்கார்ந்து ஜெபிக்கிற, சாப்பிடுகிற சபை என்றால் தயங்காமல் போடுங்கள். உடைசலுக்குப் போக உபரியாகக் கொஞ்சம் கல்லை அதே ஆர்டரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பள்ளி அறைக்காக நாங்கள் பிறகு கேட்டபோது செங்காவிக் கல் ஒரு சாயல் கருத்தே வந்தது.