செல் புதுசு, கேமரா மட்டும் ‘சார்ஜ் இல்லை’ என்கிறதா? கடைக்கு ஓடாதீர்கள்

பென்சில் செல் இரண்டு போடுகிற பழைய டிஜிட்டல் கேமரா. இப்போது பிள்ளைகளுக்கு இதுதான் ஃபேஷனாம், மகள் பீரோவிலிருந்து தேடி எடுத்தாள். புது செல் போட்டு ஆன் செய்தால் லென்ஸ் பாதி வெளியே வந்து நிற்கும், ‘பேட்டரியை மாற்றவும்’ என்று வரும், அணைந்துவிடும்.

மதுரையில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். கையில் வாங்கிய உடனே “பவர் போர்டு போயிடுச்சு சார்” என்றார். 1,800 ரூபாய். கூடவே 4,600 எம்ஏஎச் (செல்லில் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று அச்சடித்த ரீசார்ஜ் செல் நான்கு, 600 ரூபாய். இரண்டு நாள் கழித்துப் போனபோது ஆன் செய்து காட்டினார், ஓடியது. வீட்டுக்கு வந்து ஏழாவது படத்தில் பழைய குருடி கதவைத் திறடி.

எதிர்வீட்டு டிவி மெக்கானிக் அண்ணன் மீட்டரை வைத்துப் பார்த்தார். செல் ஒவ்வொன்றும் 1.3 வோல்ட். “செல் நல்லாத்தான் இருக்கு, மூடியைக் காட்டு தம்பி” என்றார். மூடியின் உள்பக்கம் இரண்டு செல்லையும் இணைக்கிற தகட்டில் பச்சை பூத்திருந்தது. எப்போதோ ஒழுகிய அல்கலைன் செல்லின் மிச்சம். கேமராவின் ஸ்க்ரூ தலைகளில் பழைய அழுக்கு அப்படியே இருந்தது. ஸ்க்ரூவைத் தொடாமல் எந்த போர்டை மாற்றினார்களோ!

செல்லில் எவ்வளவு மிச்சம் என்று கேமராவுக்குத் தெரியாது, வோல்டேஜைத்தான் பார்க்கும். லென்ஸ் மோட்டார் ஓடும்போது, ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போது கரண்ட் நிறைய இழுக்கும். 1 ஆம்பியர் போகிற இடத்தில் தகட்டின் கறை அரை ஓம் தடையாக நின்றாலே அரை வோல்ட் அங்கேயே காலி. ஓடும்போது ரீசார்ஜ் செல் இரண்டும் சேர்ந்தே 2.4 வோல்ட்தான். மூடியை அழுத்தி மூடினால் சில நேரம் தொடுகை கிடைத்து ஓடும். கடையில் ஓடியதும் அப்படித்தான் இருக்கும்.

காது பட்ஸில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, பென்சில் ரப்பரால் தகடு பளபளக்கும்வரை உரசினார் அண்ணன். அன்று மாலை மட்டும் 130 படம், வீட்டில் ஏற்கெனவே இருந்த செல்லிலேயே. சில கேமராக்களில் செல் வகையை மெனுவில் சொல்ல வேண்டும். ரீசார்ஜ் செல் போட்டுவிட்டு அல்கலைன் என்றே விட்டால் அதுவும் பொய் எச்சரிக்கை காட்டும்.

அந்த 4,600 செல்லை நகைக்கடை நண்பரின் தராசில் வைத்தோம், 17 கிராம். நல்ல ரீசார்ஜ் செல் 26, 27 கிராமாவது இருக்கும், எம்ஏஎச்சும் 2,700, 2,800-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

கடைக்குப் போய்க் கழற்றிய பழைய போர்டைக் கேட்டேன். “அதையெல்லாம் அன்னைக்கே குப்பையில போட்டாச்சு சார்.” பில்லில் எழுதியிருப்பது ‘கேமரா சர்வீஸ்’ மட்டும்தான்.