தபால்தலை அசல், முத்திரை போலி: 450 யூரோ போன கதை

மோதெனா, பார்மா, தொஸ்கானா என்று பழைய இத்தாலியச் சிற்றரசுகளின் தபால்தலை சேர்ப்பவர்கள் நம்மில் சிலராவது இருப்பீர்கள். அவர்களுக்காகத்தான் இது. நான் பொலோஞ்ஞாவில் எட்டு வருடமாக இருக்கிறேன். போன வருடம் மோதெனாவில் ஒரு பழம்பொருள் சந்தையில் 450 யூரோ கொடுத்து ஏமாந்தேன். விற்றவர் பெயரைப் போடவில்லை, வழக்கு வம்புக்கு எனக்குத் தெம்பு கிடையாது.

கொஞ்சம் பின்னணி சொல்லாவிட்டால் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று பிடிபடாது. மோதெனா 1852 ஜூனில் தன் முதல் தபால்தலைகளை வெளியிட்டது. வண்ணத் தாளில் கறுப்பாக அச்சடித்த கழுகு, அங்கே ஆண்ட எஸ்தே குடும்பத்துச் சின்னம். விலையைக் கையால் எழுத்துக் கோத்து அச்சடித்ததால், 'சென்ட்' என்ற சின்னச் சொல்லிலேயே எழுத்து இடம் மாறிய தலைகள் உண்டு. நான் மோதெனா பக்கம் சாய்ந்ததே அந்தப் பிழைகளைப் பார்த்துத்தான். 1859 ஜூனில் கோமகன் ஐந்தாம் ஃபிரான்செஸ்கோ ஊரை விட்டுப் போனார். தற்காலிக அரசு அக்டோபர் 15 அன்று சார்தீனிய அரச குடும்பமான சவோயின் சிலுவை போட்ட புது வரிசையை இறக்கியது. அடுத்த வருடமே மோதெனா சார்தீனிய அரசோடு சேர்ந்துவிட்டது.

இந்தக் குறுகிய ஆயுளில்தான் வில்லங்கம். அந்த வரிசையில் 40, 80 சென்டெசிமி (லிராவில் நூறில் ஒரு பங்கு சென்டெசிமோ) தலைகள் நிறைய மிஞ்சிப்போயின, கடிதத்தில் ஒட்டிப் போனவை கொஞ்சம். அதனால் நாம் பழகிய கணக்கு இங்கே தலைகீழ். தபால் நிலைய முத்திரை விழாதது மலிவு, விழுந்தது பல மடங்கு விலை. 80 சென்டெசிமியில் அந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். மலிவான தலையை விலையுயர்ந்த தலையாக்க ஒரு ரப்பர் முத்திரை போதும்.

நான் வாங்கியது 40 சென்டெசிமி, செம்மை நிறம். ஒரு பழைய கடிதத் துண்டின் மேல் ஒட்டியிருந்தது. வட்ட முத்திரை பாதி தலையிலும் பாதி தாளிலும் விழுந்திருந்தது. சரி, அவசரப்படக் கூடாது என்று பையிலிருந்த லூப்பை (உருப்பெருக்கிக் கண்ணாடி) எடுத்து முக்கால் மணி நேரம் பார்த்தேன். அச்சு சரி. தாள் சரி. பல் வெட்டு இல்லாத தலை என்பதால் நாலு பக்க ஓரத்தையும் பார்த்தேன், எங்கும் வெட்டுப்படவில்லை. துண்டில் இருந்த கையெழுத்து மை பழுப்பேறி நல்ல பழசு. பின்புறம் பென்சிலில் 'தியேனா' என்று வேறு ஒரு கையொப்பம். எமீலியோ தியேனா 1860-இல் இதே மோதெனாவில் பிறந்த பெரிய நிபுணர். இப்படிப்பட்டவர் கையொப்பம் இருந்தால் அசல் என்று சோதித்ததற்கு அடையாளம். அந்தப் பெயரைப் பார்த்ததும் என் மூளை கடையைச் சாத்திவிட்டது. அவர் பெயரில் கள்ளக் கையொப்பம் போடுவது இந்த வியாபாரத்தில் நெடுநாள் வழக்கம் என்று படித்திருக்கிறேன், படித்தது அப்போது நினைவுக்கு வந்தால்தானே!

அப்புறம் காப்பீட்டுக்காகச் சான்றிதழ் வாங்கலாம் என்று ஒரு நிபுணரிடம் அனுப்பினேன். பதில் நாலே வரி. தலை அசல். கடிதத் துண்டும் அந்தக் காலத்ததே. முத்திரை பின்னால் குத்தியது. பின்புறக் கையொப்பத்துக்குப் பொறுப்பேற்க முடியாது. கூடவே ஒரு பெரிதாக்கிய படம்.

அந்தப் படத்தைப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது. கடிதத் துண்டின் குறுக்கே ஒரு பழைய மடிப்பு ஓடுகிறது. 1859-இல் விழுந்த முத்திரை என்றால், பிறகு தாள் மடிந்து மடிந்து நார் உடையும்போது முத்திரை மையும் அந்தக் கோட்டில் உதிர்ந்து வெள்ளை தெரிய வேண்டும். இங்கே நடந்திருப்பது நேர்மாறு. மை அந்த உடைந்த நாருக்குள் இறங்கி, மடிப்பு நெடுக மெல்லிய மீசை போலக் கசிந்திருக்கிறது. மடிப்பு முந்தியது, முத்திரை பிந்தியது. அந்தக் கால எண்ணெய் மை சுற்றிலும் விடும் மஞ்சள் கறையும் கிடையாது, ஓரத்தில் லேசான ஊதாச் சாயல். முக்கால் மணி நேரமும் நான் தலையைத்தான் பார்த்தேன். காசு கொடுத்ததோ முத்திரைக்கு.

அடுத்த மாதச் சந்தையில் போய்க் கேட்டேன். மனிதர் அசரவில்லை. என் ரசீதையே வாங்கி, "இதோ, 'அசல் தபால்தலை' என்று எழுதியிருக்கிறேன். அசல்தானே? முத்திரையைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதினேனா?" என்றார். எழுதவில்லைதான். வேண்டுமானால் ஐம்பது யூரோவுக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். முத்திரை குத்தாத தலைக்கு அதுதான் விலை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீங்கள் வாங்குவதானால் ரசீதில் தலை, முத்திரை இரண்டும் அசல் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். சான்றிதழ் என்று நீட்டினால் அதில் அந்தத் தலையின் படம் இருக்கிறதா, முத்திரையைப் பற்றி வரி இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் தன் பெயரில் அடித்துத் தரும் 'உத்தரவாதம்' பஜ்ஜி மடிக்கத்தான் லாயக்கு.

இன்னொன்று. அன்று கிளம்பும்போது அவர் தட்டில் வேறொரு 40 சென்டெசிமி இருந்தது. அதுவும் ஒரு கடிதத் துண்டின் மேல், அதே பழுப்பு மை, அதே சாய்ந்த கையெழுத்து. என் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மடிப்புக் கோடு ஒன்றோடொன்று அப்படியே பொருந்தியது.