மெல்லிய டெப்பெட் கவரில் ஃபிட்டிங்: டேப்பா, லொக்டைட்டா, உள் நட்டா, ப்றேசிங்கா?

பிரீதர் குழாய்க்கு (எஞ்சினுக்குள் சேரும் புகையை வெளியே விடும் குழாய்) ஒரு ஃபிட்டிங், இல்லாவிட்டால் ஒயில் சூடு பார்க்க ஒரு சென்சர். டெப்பெட் கவரில், அதாவது எஞ்சினின் தலையில் வால்வுகளை மூடும் கவரில், ஓட்டை போட்டு இதைப் பூட்ட வேண்டும் என்று வந்ததும் "அண்ணே, எதைப் பூசுறது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். முதலில் தகடு எத்தனை மில்லிமீற்றர் என்று பாருங்கள்.

அந்தக் கவருக்குள் பெரிய அழுத்தம் கிடையாது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் புகையும் தெறிக்கிற ஒயிலும்தான். ஆனால் கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் பக்கம் லோடோடு லொறியைச் சின்னக் கியரில் ஏற்றும்போது அந்தப் புகையும் கூடும், நடுக்கமும் கூடும், குழாயின் பாரமும் சேர்ந்து ஃபிட்டிங்கை ஆட்டும். ஆடத் தொடங்கிவிட்டால் எந்தப் பசையும் நிற்காது.

இரும்புத் தகட்டுக் கவர் பெரும்பாலும் 1 முதல் 1.5 மி.மீ. தடிப்புத்தான். ஜப்பான் வண்டிகளில் வழமையாக வரும் எட்டிலொரு அங்குல ஃபிட்டிங்கில் அங்குலத்துக்கு 28 புரி, அதாவது ஒரு புரிக்கு 0.9 மி.மீ. அளவு. கணக்குப் போட்டால் இரண்டு புரிகூட முழுதாகப் பிடிக்காது. வார்ப்பு அலுமினியத்தில் மூன்று பிடிக்கலாம், ஆனால் அந்தப் புரி கூம்பு வடிவம், இறுக்க இறுக்க ஆப்பு மாதிரி ஓட்டையை விரிக்கும், ஒரு கட்டத்தில் கவரில் வெடிப்பு விழும். அமெரிக்கப் புரி அங்குலத்துக்கு 27. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், இரண்டு சுற்று ஏறும், பிறகு மாட்டிக்கொள்ளும். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

சரி, வெள்ளை டேப். எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும், 260 பாகை வரை சூடும் தாங்கும். ஆனால் அது வழுக்கும், பிடிக்காது. வழுக்குவதால் கை தெரியாமல் கூடுதலாக இறுக்கிவிடும். நுனிப் புரி வரை சுற்றினால் உள்பக்கம் நூல் நூலாகப் பிய்ந்து ஒயிலோடு இறங்கி, அடியில் ஒயில் தேங்கும் சம்பில் இருக்கும் வலையில் போய் ஒட்டும். ஒற்றை வயர் சென்சருக்குப் புரி வழியாகத்தான் எர்த் போக வேண்டும், டேப் சுற்றினால் மீற்றர் தப்பாகக் காட்டவும் கூடும்.

லொக்டைட் வகையறா, அதாவது புரியில் பூசினால் இறுகும் பசை, இதைவிட மேல், பூட்டவும் செய்யும் அடைக்கவும் செய்யும். நீல நிற 243 ஏறக்குறைய 180 பாகை தாங்கும், சாவி போட்டுக் கழற்றவும் முடியும். ஆனால் அது காற்றுப் படாத இடத்தில், உலோகத்துக்கு உலோகம் நெருங்கியிருந்தால்தான் இறுகும். ஒன்றரைப் புரியில் அதற்குப் பிடிக்க என்ன இருக்கிறது? நுவரெலியாக் குளிரில் இன்னும் மெதுவாகத்தான் இறுகும், இரவு பூசிவிட்டு விடியற்காலை வண்டியை எடுக்காதீர்கள்.

சிலிக்கன் நம் ஊர் ஈரத்தில் நன்றாக இறுகும், ஆனால் ஒயில் பட்ட இடத்தில் ஒட்டாது. உள்ளே பிதுங்கியது உரிந்து விழும். தனியாக அதை நம்ப மாட்டேன்.

என் முதல் தெரிவு கவரில் புரியே போடாத வழி. சமதளமான இடத்தில் நேர் ஓட்டை, நேர்ப்புரி ஃபிட்டிங், வெளியே ரப்பர் விளிம்புள்ள இரும்பு வொஷர், உள்ளே அகல வொஷரும் நட்டும். தகடு இரண்டு பக்கமும் நெரிபடுகிறது, இழுவை முழுவதும் நட்டில். லொக்டைட் இங்கேதான் சரியாக வேலை செய்யும், நட்டின் புரி முழுக்க அதற்குக் கிடைக்கிறது. அந்த நட் கழன்றால் வால்வை அமுக்கும் ரொக்கர் ஆர்முக்குள்தான் விழும் என்பதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். இடம் போதுமா என்று பார்க்க, நட்டின் மேல் பிள்ளைகளின் பிளாஸ்டிசின் ஒரு உருண்டை ஒட்டி, கவரை கேஸ்கெட்டோடு பூட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் உருண்டை நசுங்கியிருக்கும். மிஞ்சிய தடிப்பு 2 மி.மீ.க்குக் குறைவு என்றால் வேறு இடம் தேடுங்கள்.

உள்ளே இடமே இல்லை, கவர் இரும்பு என்றால், லேத் கடையில் ஒரு தடித்த புஷ் (உள்ளே புரியுள்ள வளையம்) கடைந்து வெளிப்பக்கம் ப்றேசிங் (பித்தளையை உருக்கி ஒட்டுவது) பண்ணுவதுதான் நிரந்தரம். புரி முழுக்கப் பிடிக்கும், அப்புறம் எதைப் பூசினாலும் நிற்கும். கவர் சூட்டில் வளைந்ததா என்று கண்ணாடித் தகட்டில் கவிழ்த்துப் பாருங்கள், உள்ளே ஒட்டிய கசடைச் சுரண்டி எடுங்கள். அலுமினியம் என்றால் ஆர்கன் வெல்டிங், ஆனால் வருடக்கணக்கில் ஒயில் குடித்த வார்ப்பு துளைத் துளையாகப் பொங்கும். அதற்கு உள் நட்டே மேல்.

புதிய வேன்களின் பிளாஸ்டிக் கவரை விட்டுவிடுங்கள். லொக்டைட் பட்டாலே சில பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழும், பிரீதர் குழாயை இடையில் வெட்டி ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டால் போதும். மற்றபடி எந்த வழியென்றாலும் கவரைக் கழற்றித்தான் துளைக்க வேண்டும். "கழற்றாமலே முடிச்சிடலாம்" என்று ட்ரில்லோடு வருபவரிடம், இரும்புத் தூள் எங்கே விழும் என்று கேளுங்கள்.