சேலத்தில் ஒரு கிலோத் துணிக்கடை: ஹராஜுகு பாணி உடை தேடுபவர்களுக்கு

சேலம் பழைய பேருந்து நிலையத்திலிருந்து சின்னக்கடை வீதிப் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில், பழைய துணிகளையும் ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட துணிகளையும் எடைக்கு விற்கும் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கீழே விசாரித்தால், “கிலோக் கடைங்களா? அந்தப் படியில ஏறிப் போங்க” என்று கையைக் காட்டுவார்கள். ஜப்பானிய ஹராஜுகு பாணி உடைகளில் ஆசை கொண்ட நானும் என் தோழியும் கடந்த ஆறு மாதங்களில் நான்கு முறை அங்கே போய்வந்துவிட்டோம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுதாகத் தைத்த லோலிட்டா உடை (லேஸும் சுருக்கமும் புடைத்த பாவாடையுமாகப் பொம்மை உடையைப் போல இருக்கும் ஹராஜுகு பாணி) ஒன்றை எடுத்து அன்றைக்கே உடுத்திக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் வெறுங்கையோடுதான் படி இறங்குவார்கள். காலர், கை, சுருக்கம், லேஸ் என்று ஓர் உடையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கோ, இதைவிட நல்ல கடை இந்த ஊரில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பாணிக்குப் பழைய துணி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹராஜுகு என்பது டோக்கியோவின் ஷிபுயா வட்டாரத்தில் உள்ள பகுதி. அங்கே தெருவில் நடந்த இளைஞர்களைப் படம் பிடித்து ஷோயிச்சி ஆவோகி 1997இல் தொடங்கிய ‘ஃப்ரூட்ஸ்’ இதழ், அந்த உடைகளை உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2017இல் அது நின்றுபோனது. அந்தப் படங்களில் இருப்பவர்கள் தலை முதல் கால் வரை புதிதாக வாங்கி உடுத்தியவர்கள் அல்லர். பழைய துணிக்கடையில் எடுத்த சட்டை, பாட்டி காலத்துக் கிமோனோ, தாமே தைத்த பாவாடை, அதன் மேல் விலை உயர்ந்த ஒரே ஒரு பொருள் என்று சேர்த்து உடுத்தியவர்களே அவர்களில் ஏராளம். ஆகவே கிலோக் கடையில் தேடுவதைக் காசில்லாத குறைக்காகச் செய்யும் வேலையாக நான் நினைப்பதில்லை. இந்தப் பாணி பிறந்த விதமே அதுதான்.

கடை ஒரே நீளமான கூடம். சுவரோரம் கம்பிகளில் தொங்குபவற்றுக்குத் தனித்தனி விலை உண்டு. நாங்கள் போன நாட்களில் 150 ரூபாயிலிருந்து 400 ரூபாய் வரை சொன்னார்கள். நடுவில் தார்ப்பாய் விரித்துக் கொட்டியிருக்கும் குவியல் கிலோ 320 ரூபாய். மெல்லிய பருத்திச் சட்டை என்றால் ஒரு கிலோவுக்கு ஐந்தாறு நிற்கும். திருப்பூரிலிருந்து வரும் சர்ப்ளஸ் ஒரு பக்கம், வடக்கிலிருந்து பண்டலாக வரும் வெளிநாட்டுப் பழைய துணி மறு பக்கம் என்று கடைக்கார அக்கா பிரித்து வைத்திருக்கிறார். எவ்வளவு நேரம் கிளறினாலும் முகம் சுளிக்காத அந்தக் குணத்துக்காகவே இந்தக் கடைக்குத் தனி மதிப்பெண் கொடுக்க வேண்டும். முதல் நாள் நாங்கள் பூப்போட்ட துணியாகப் பார்த்து அள்ளிக்கொண்டிருந்தபோது அவரே அருகில் வந்து, “கண்ணு, வெளிப்பக்கம் பாத்து எடுக்காதீங்க. திருப்பிப் போட்டுத் தையலப் பாருங்க” என்றார். அன்றிலிருந்து நாங்கள் எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பாமல் வாங்குவதில்லை.

அப்படித் திருப்பியதில்தான் இரண்டாம் முறை போனபோது அந்த வெள்ளை பிளவுஸ் அகப்பட்டது. பார்வைக்கு அது பள்ளிச் சீருடைச் சட்டையைப் போலத்தான் இருந்தது. என் தோழி அதன் பக்கத் தையலில் இருந்த பட்டையைப் பார்த்துவிட்டு, “ஏய், இங்க வாடி. இந்த இஸ்திரிப் பெட்டிக்குள்ள எழுத்து இருக்குது பாரு” என்று கூப்பிட்டாள். சலவைக் குறிப்புப் பட்டையில் ஓர் இஸ்திரிப் பெட்டியின் படம், அதன் நடுவே ஒரு செவ்வகத்தைச் செங்குத்துக் கோடு ஒன்று ஊடுருவுவது போன்ற ஜப்பானிய எழுத்து. ‘நடு’ என்று பொருள்படும் அந்த எழுத்து, மிதமான சூட்டில் தேய்க்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. 2016 டிசம்பரில் ஜப்பான் உலகப் பொதுக் குறியீடுகளுக்கு மாறி, எழுத்துக்குப் பதிலாகப் புள்ளிகளைப் போடத் தொடங்கியது. ஆக, அந்தச் சட்டை அதற்கு முந்தைய ஜப்பானிய வழக்கப்படி பட்டை வைக்கப்பட்டது என்பது கடையில் நின்றபடியே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. வட்டமான காலர், அதன் ஓரத்தில் கெட்டியான பருத்தி நூல் லேஸ், தோளில் நெருக்கமாகச் சுருக்கிய பஃப் கை, முத்துப் போன்ற ஏழு பொத்தான்களில் ஒன்று குறைவு. விலை 180 ரூபாய். லோலிட்டா உடைக்கு பிளவுஸ்தான் அடித்தளம் என்பதால், அன்று வேறு எதுவும் வாங்காமல் திரும்பியிருந்தாலும் எங்களுக்கு மனக்குறை இருந்திருக்காது.

லேஸைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தப் பாணியில் ஓர் உடை அழகாகத் தெரிவதும் நாடக உடுப்பைப் போலத் தெரிவதும் பெரும்பாலும் லேஸின் கையில்தான் இருக்கிறது. மின்னும் நைலான் லேஸ் விறைத்து நிற்கும், கழுத்தில் உரசும், இரண்டு சலவையில் ஓரம் சுருண்டுவிடும். பருத்தி நூல் லேஸை விரலால் இழுத்தால் கொஞ்சம் கொடுத்துத் திரும்பும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நூல் முறுக்கு தெரியும். கடையில் இருப்பது ஒரே ஒரு நீண்ட டியூப்லைட் என்பதால், இந்தச் சோதனையைச் சன்னல் பக்கம் போய்ச் செய்வது நல்லது. உடையே கிழிந்திருந்தாலும் நல்ல லேஸ் இருந்தால் நாங்கள் எடுத்துவிடுகிறோம். கிலோக் கணக்கில் அதற்குப் பெரிய தொகை ஆகாது. பிரித்து எடுத்து வேறொரு பாவாடையின் ஓரத்தில் வைத்துத் தைக்கலாம்.

அளவு விஷயத்தில் பட்டையை நம்பக் கூடாது. ஜப்பானிய உடைகளில் 9 என்ற எண் நடுத்தர அளவைக் குறிக்கிறது. அது 83 செ.மீ. மார்புச் சுற்றளவுள்ள உடலுக்கானது. நம் ஊர்க் கடைகளில் எம் அளவு வாங்குகிறவர்களுக்கு அது இறுக்கிப் பிடிக்கும். முதுகில் வரிசை வரிசையாக எலாஸ்டிக் நூல் ஓடி நெருங்கிய சுருக்கம் வைத்திருந்தால் மட்டும் துணிந்து வாங்கலாம்; சில அங்குலம் அது விட்டுக்கொடுக்கும். இந்தக் கடையில் உடுத்திப் பார்க்க அறை இல்லை. வீட்டில் நமக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு சுடிதார் டாப்பைத் தரையில் விரித்து, தோள், மார்பு, இடுப்பு மூன்றையும் அளந்து குறித்துக்கொண்டு போய், கடையில் டேப்பை வைத்து ஒப்பிடுவதே ஒரே வழி. என் தோழி இதைச் செய்யாமல் வாங்கிய கோடுபோட்ட பாவாடை ஒன்று, இப்போது அவள் தங்கையிடம் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது லோலிட்டா அன்று, மோரி பாணி. மோரி என்றால் காடு. தளர்வான பருத்தி உடை, அதன் மேல் பின்னல் மேலாடை, பழுப்பும் சந்தனமும் வெளிறிய பச்சையுமாக அடுக்கடுக்காக உடுத்துவது அதன் வழக்கம். இதற்குத் தொங்கும் கம்பியைவிடக் குவியல்தான் ஏற்றது. ஏற்றுமதிக்குத் தைத்து, சாயத்தில் சிறு வேறுபாடு வந்ததால் கழிக்கப்பட்ட பருத்திக் கவுன்கள் அங்கே நிறையக் கிடக்கின்றன. மோரியில் சாயம் மங்கியிருப்பதே அழகு என்பதால் அந்தக் குறை நமக்கு நிறைவு. ஆனால் ஏப்ரல், மே மாதச் சேலத்தில் மூன்று அடுக்கு உடுத்துவது உடம்புக்கு ஆகாது. உள்ளே ஒற்றைப் பருத்தி ஸ்லிப், மேலே கையில்லாத கவுன் என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தூசி அதிகம், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் முகக்கவசம் இல்லாமல் போகக் கூடாது. வாங்கியதைத் திருப்பித் தர முடியாது. மூன்றாம் முறை நான் ஆசைப்பட்டு 350 ரூபாய்க்கு எடுத்த இளஞ்சிவப்புக் கவுனின் அக்குள் பகுதியில் இருந்த மஞ்சள் கறை, டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியவில்லை. வீட்டு மொட்டை மாடியில் உலர்த்தியபோதுதான் பளிச்சென்று தெரிந்தது. என்ன செய்தும் போகவில்லை. பாச்சை உருண்டை வாடை வேறு, ஒரு சலவையில் நீங்காது. வீட்டுக்குள் கொண்டுவரும் முன் தையல் இடுக்குகளில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, துணி தாங்குமானால் சுடுநீரில் ஊறவைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்ட பிறகே நாங்கள் அலமாரியில் வைக்கிறோம். இத்தனை இருந்தும், இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 2,400 ரூபாய் கொடுத்து என் தோழி வாங்கிய ‘ஜப்பானிய’ உடை, படத்தில் பருத்தியாகவும் கையில் பாலியஸ்டராகவும் வந்து சேர்ந்ததை நினைத்தால், தொட்டுப் பார்த்து வாங்க முடிகிற கடை எவ்வளவோ மேல். ஆஞ்சலிக் ப்ரிட்டி, பேபி த ஸ்டார்ஸ் ஷைன் பிரைட் போன்ற ஜப்பானிய லோலிட்டா நிறுவனங்களின் பெயர்களை மட்டும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். நான்கு முறையும் நாங்கள் அவற்றைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

கடையில் பாதி வேலைதான் முடிகிறது, மீதி தையல் இயந்திரத்தில். லோலிட்டா பாவாடை மணியைப் போலப் புடைத்து நிற்க உள்ளே பெட்டிகோட் வேண்டும். அதை எங்கே வாங்குவது என்று நாங்கள் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தோம். அம்மாப்பேட்டையில் தோழி வீட்டருகே தைக்கும் அக்காவிடம் படத்தைக் காட்டியதும் அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை: “இது கேன்கேன் தானே? பொறந்தநாள் கவுனுக்கு வெக்கறதுதான். உனக்கு முழங்காலு வரைக்கும் வெச்சுத் தாரேன்.” நம் ஊர்ப் பெண் குழந்தைகள் எல்லாரும் ஒரு வயதில் உடுத்திய அந்தப் புடைத்த கவுனின் சூத்திரமே டோக்கியோவின் பாவாடையிலும் இருக்கிறது என்பதை நாங்கள் அன்றுதான் உணர்ந்தோம். தோழியின் அம்மா உடுத்தாமல் வைத்திருந்த வெளிர் ஊதா இளம்பிள்ளைச் சேலை ஒன்றைப் பாவாடையாக வெட்டி, குவியலில் கிடைத்த லேஸை ஓரத்தில் மூன்று வரிசையாக வைத்து, உள்ளே வலைத் துணியை இரண்டு அடுக்காகச் சுருக்கித் தைத்துக் கொடுத்தார். வலை காலில் குத்தாமல் இருக்க அடியில் ஒரு பருத்தி உள்பாவாடையும் அவராகவே சேர்த்திருந்தார். பிளவுஸ், லேஸ், வலைத் துணி, தையற்கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய் ஆயிற்று.

உடுத்திப் பார்க்காமல் எழுதும் மதிப்புரைக்கு மதிப்பில்லை என்பதால், இருவரும் ஒரு வார நாளில் ஏற்காட்டுக்குப் போனோம். தோழி ஊதாப் பாவாடையும் வெள்ளை பிளவுஸும், லேஸ் வைத்த குட்டைக் காலுறையின் மேல் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசும் போட்டிருந்தாள். நான் பழுப்புக் கவுனின் மேல், குவியலில் 90 ரூபாய்க்கு நின்ற பின்னல் மேலாடையை எடுத்துக்கொண்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் உட்கார்ந்து கடந்த பிறகும் கேன்கேன் தன் புடைப்பை விடவில்லை. இறங்கி ஒருமுறை உதறியதும் நிமிர்ந்துகொண்டது. அடிவாரத்தில் மடியில் சுமையாகக் கிடந்த என் மேலாடை, மேலே மூடுபனி இறங்கியதும் தன் இடத்தைக் கண்டுகொண்டது. ஏரிக்கரையில் பஜ்ஜி போடும் அம்மா ஒருவர் மட்டும் தோழியின் பாவாடை ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, எந்த டைலர் தைத்தது என்று விசாரித்தார். மற்றவர்கள் பார்த்துவிட்டுத் தம் வழியே போனார்கள். ஒரே சேதம், பாவாடையின் கடைசி வரிசை லேஸ் செருப்புக் கொக்கியில் மாட்டி ஓர் அங்குலம் பிரிந்ததுதான். அதைத் தோழி ஏரிக்கரைப் பெஞ்சிலேயே ஊசி நூலால் தைத்துவிட்டாள்.

போக நினைப்பவர்கள் செவ்வாய்க்கிழமை காலையில் போங்கள். பண்டல் பிரிப்பது அன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் பூட்டிவிடுகிறார்கள். டேப்பும், அளவு குறித்த தாளும், முடிந்தால் உங்கள் ரசனை தெரிந்த தோழி ஒருத்தியும் உடன் வரட்டும். நான் தூக்கிப் போட்ட துணியிலிருந்துதான் என் தோழி அந்த வெள்ளை பிளவுஸை எடுத்தாள். அதில் குறைந்த ஏழாவது பொத்தானுக்கு ஈடு இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த பண்டலில் முத்துப் பொத்தான் வைத்த சட்டை எது வந்தாலும், கிழிந்ததாக இருந்தால்கூட, எடுத்து வைப்பதாகக் கடைக்கார அக்கா சொல்லியிருக்கிறார்.