பொட்டில், ஃபிளாஸ்க், ஃபாஸ்ட்ஏபிஐ: ஒரே செயற்கூறு, மூன்று டெக்கரேட்டர்கள்

திருகோணமலையின் கொட்பேயில் மீன் எடுத்து விற்கும் என் மாமாவுக்காக, மீனின் வகையையும் கிலோவையும் கொடுத்தால் தொகையைத் தரும் சிறிய செயற்கூறு ஒன்றைப் பைதனில் எழுதியிருந்தேன். அதை அவருடைய கைத்தொலைபேசியில் திறக்கக்கூடிய வலைச் செயலியாக்க, செயற்கூற்றின் மேலே @ குறியுடன் ஒரு டெக்கரேட்டர் வரியை, அதாவது அதனுடன் கூடுதல் வேலையை இணைக்கும் வரியை, சேர்த்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் குறி 2004 இல் பைதன் 2.4 உடன் வந்தது. பொட்டில், ஃபிளாஸ்க், ஃபாஸ்ட்ஏபிஐ என்னும் மூன்று வலைச் சட்டகங்களிலும் அந்த வரி ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிந்தாலும், செயற்கூற்றிலிருந்து அது எவ்வளவைப் படித்துக்கொள்கிறது என்பதில்தான் அவை பிரிகின்றன.

பொட்டில் முழுவதும் ஒரே கோப்பு. பைதனைத் தவிர வேறெதையும் நிறுவ வேண்டியதில்லை. இணைப்பு மந்தமான இடத்துக்குப் பென் டிரைவில் கொண்டுபோக அதுவே வசதி.

அர்மின் ரோனாகர் 2010 இல் வெளியிட்ட ஃபிளாஸ்க்கின் டெக்கரேட்டர், முகவரியை மட்டும் பதிந்துவிட்டுச் செயற்கூற்றை மாற்றாமல் திருப்பித் தருகிறது. கிலோ எந்த வகைத் தரவு என்பதை அது கேட்பதில்லை. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் 12 எழுத்தாகவே கைக்கு வருவதால், அதை அறுக்குளாவின் விலையான முழு எண் 1500 ஆல் பெருக்கினால், பைதன் எந்தப் பிழையும் காட்டாமல் 12 ஐ 1500 தடவை அடுக்கித் தருகிறது. பணக் கணக்கில் பிழைச்செய்தி வராத பிழையைப்போல அச்சம் தருவது வேறில்லை. தரவு வகையைப் பாதையிலேயே, அதாவது முகவரியில் கேள்விக்குறிக்கு முன் வரும் பகுதியிலேயே, குறிப்பிடலாம் என்றால், முழு எண் என்ற குறிப்பு 12.5 ஐ ஏற்காது, தசம எண் என்ற குறிப்பு 12 ஐ ஏற்காது. தராசோ இரண்டையும் காட்டும். வாசிக்கும் இடத்தில் தசமமாக மாற்றும்படி நாமே எழுதினால் சரியாகிவிடும், ஆனால் அதை மறக்காமலிருப்பது நம் பொறுப்பு.

செபஸ்தியான் ரமிரெஸ் 2018 இல் வெளியிட்ட ஃபாஸ்ட்ஏபிஐ, செயற்கூற்றின் தலைவரியில் கிலோ தசம எண் என்று எழுதியிருப்பதையே படித்து, 12 ஐயும் 12.5 ஐயும் எண்ணாக மாற்றுகிறது. "பன்னிரண்டு" என்று எழுதினால் எங்கே தவறு என்பதைச் சுட்டி 422 என்ற பிழைக் குறியீட்டை அனுப்புகிறது. செயலியைப் பயன்படுத்தும் முறையைக் காட்டும் விளக்கப் பக்கத்தையும் தானே உருவாக்குகிறது. ஆனால் அந்தப் பக்கம் தனக்கு வேண்டிய கோப்புகளை இயல்பாக இணையத்திலிருந்து எடுப்பதால், இணைய இணைப்பில்லாத மடிக்கணினியில் வெறுமையாகவே திறக்கும். பாதைகளை எழுதிய வரிசையிலேயே பொருத்திப் பார்ப்பதால், எந்த மீனுக்கும் பொருந்தும் பாதையை முன்னால் வைத்தால் "இன்று" என்ற பாதையையும் அதுவே ஒரு மீனின் பெயராக விழுங்கிவிடும். ஃபிளாஸ்க் குறிப்பான பாதைக்கே முதலிடம் கொடுக்கும்.

மாமாவின் கணக்குக்கு ஃபாஸ்ட்ஏபிஐயைத்தான் வைத்திருக்கிறேன். எச்டிஎம்எல் பக்கங்களே முதன்மையான வேலைகளுக்கு இன்றும் ஃபிளாஸ்க்கையே எடுப்பேன். இரண்டிலும் கடவுச்சொல் சரிபார்க்கும் டெக்கரேட்டரைப் பாதை டெக்கரேட்டருக்குக் கீழேதான் எழுத வேண்டும். மேலே எழுதினால் சரிபார்ப்பு சேராத செயற்கூறே பதிவாகி, யாரும் விலையை மாற்றும்படி கதவு திறந்து கிடக்கும்.