மூன்று பின் பிளக்கைப் பார்த்து நம்பாதீர்கள்: என் பழைய சிந்தசைசருக்கு ஒரு கடை செய்த வேலை

பவர் கார்டை மாற்றித் தரச் சொல்லி ஒரு பழுதுபார்க்கும் கடையில் என் சிந்தசைசரைக் கொடுத்தேன். பளபளப்பான மூன்று பின் பிளக்கோடு திரும்பி வந்தது. அந்த மூன்றாவது பின், கருவிக்குள் எதிலும் இணைக்கப்படவே இல்லை. பழைய மின்னணு இசைக்கருவி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

கருவி 1980களின் தொடக்கத்தில் வந்த ஜப்பானிய அனலாக் சிந்தசைசர். அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றைப் போல இதிலும் கார்டைக் கழற்றி மாட்டும் சாக்கெட் கிடையாது. இரண்டே கம்பிகள் கொண்ட கார்டு, பின்புற உலோகத் தகட்டில் உள்ள துளை வழியாக நேரே உள்ளே போகும். பி.வி.சி. உறையை வளையும்படி வைத்திருக்கும் சேர்மம் காலப்போக்கில் வெளியேறிவிடுவதால் உறை இறுகிவிடும். கார்டு எப்போதும் வளைவது கருவியின் உடலுக்குள் நுழையும் இடத்தில்தான், அதனால் வெடிப்பும் அங்கேதான் வரும். என்னுடையதில் செம்பு வெளியே தெரியத் தொடங்கியிருந்தது.

கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன். எர்த் உள்ள மூன்று கம்பிக் கார்டு போட வேண்டும், எர்த்தை உலோகச் சட்டத்தோடு இணைக்க வேண்டும், இருக்கும் துளையையே பயன்படுத்த வேண்டும், உடலை வெட்டக் கூடாது, பழைய கார்டைத் திருப்பித் தர வேண்டும். "பவர் கார்டுதானே சார், விட்டுவிட்டுப் போங்கள்" என்றார். கேட்ட தொகையை முழுவதுமாகக் கொடுத்தேன்.

வாங்கி வந்து போட்டதும் ஒலி வந்தது. குறை எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள், கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆடியோ கேபிளைக் கழற்றினேன். ஒரு கை கருவியின் பின்தகட்டில், மறு கை எர்த் செய்யப்பட்ட ஆடியோ மிக்சரின் (ஒலிகளைக் கலக்கும் கருவி) விளிம்பில். முழங்கை வரை சுரீரென்று ஏறியது. கேபிள் செருகியிருந்த வரையில் அதன் உறைக்கம்பி வழியாகக் கசிவு மிக்சரின் எர்த்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கேபிளைக் கழற்றியதும் அந்த வழி என் உடலாகிவிட்டது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளக்கின் எர்த் பின்னுக்கும் கருவியின் உலோகத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டரில் மின்தடையைப் பார்த்தேன். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டிய இடத்தில் இணைப்பே இல்லை. மின்கருவி வேலையில் நீண்ட அனுபவம் உள்ள நண்பரை அழைத்து, அவர் முன்னிலையில்தான் மூடியைத் திறந்தோம்.

உள்ளே பார்த்தவை இன்றும் என்னைக் கொதிக்க வைக்கின்றன. வெட்டக் கூடாது என்று சொன்ன தகட்டை வெட்டி, கணினிகளில் இருக்கும் சி14 வகை சாக்கெட்டைப் பொருத்தியிருந்தார்கள். அதுவும் திருகு போடாமல், வெறும் பசையால். கார்டைச் செருகிப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் சாக்கெட் ஆடியது. வெட்டியபோது விழுந்த உலோகத் துருவல்கள் சர்க்யூட் பலகைகளின் மேல் அப்படியே கிடந்தன. அதில் ஒரு துருவல் இரண்டு தடங்களுக்கு நடுவில் படிந்தாலே, மாற்றுக் கிடைக்காத ஐசி ஒன்று போய்விடும். கம்பிகளை ஈயம் வைக்காமல் கையால் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டிரான்ஸ்பார்மரின் சூட்டில் டேப்பின் பசை இளகி, ஒரு முனை அவிழ்ந்து, செம்பு இழை ஒன்று சட்டத்தைத் தொடும் தூரத்தில் நின்றது. எர்த் கம்பியை வெட்டி மடித்து டேப்புக்குள் திணித்திருந்தார்கள். மறந்து விட்டதல்ல, வேண்டுமென்றே செய்தது.

லைவும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் (அது திரும்பிப் போகும் கம்பி) இடம் மாறியிருந்தன. இது எப்படி நேர்ந்தது என்பது நண்பருக்கு உடனே விளங்கியது. கருவிக்குள் இருந்தவை கறுப்பு, வெள்ளைக் கம்பிகள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வெள்ளைதான் நியூட்ரல், கறுப்பு லைவ். பழைய பிரிட்டிஷ் முறையிலோ சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதிய கார்டில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். கறுப்பு என்றால் நியூட்ரல் என்று பழகிய கை, கறுப்பை நீலத்தோடு முறுக்கிவிட்டது. எப்படியும் திருப்பிச் செருகக்கூடிய பழைய இரண்டு பின் பிளக்கில் இதற்குப் பெரிய பொருள் இல்லை. பிளக் ஒரே வாக்கில் மட்டும் நுழையும் இடத்தில் இது மோசமான விஷயம். சுவிட்சும் ஃபியூஸும் நியூட்ரல் பக்கம் போய்விடும். அணைத்த பிறகும் உள்ளே லைவ் இருக்கும். லைவ் சட்டத்தைத் தொட்டால் ஃபியூஸ் தடுக்காது. அந்த ஃபியூஸையும் விட்டுவைக்கவில்லை. பலகையில் அச்சிட்டிருந்த அளவைப் போல் பல மடங்கு கொண்ட ஒன்றைச் செருகியிருந்தார்கள்.

படங்களோடு கடைக்குப் போனேன். "ஒலி வருகிறதா இல்லையா?" என்பதுதான் முதல் பதில். எர்த் எங்கே என்று கேட்டதற்கு, "எர்த் கொடுத்தால் ஹம் வரும் சார், அதனால்தான் விட்டோம்" என்றார். இந்தப் பதிலை நீங்களும் கேட்க நேரிடும், ஏமாறாதீர்கள். இரு கருவிகளின் எர்த் இரண்டு வழிகளில் இணையும்போது ஹம் (ஒலியோடு தொடர்ந்து கேட்கும் இரைச்சல்) வரலாம் என்பது உண்மை. அதை ஆடியோ பக்கம் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் வைத்துத் தீர்ப்பார்கள். பாதுகாப்பு எர்த்தை வெட்டித் தீர்ப்பவர் அந்தத் தொழிலுக்கே தகுதியற்றவர். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பழைய கார்டைக் குப்பையில் போட்டாயிற்றாம். எர்த் வேண்டுமானால் தனிக் கட்டணத்துக்குச் செய்து தருவதாகச் சொன்னார்!

வேறொரு தொழில்நுட்பர் இப்போது சரிசெய்து கொடுத்திருக்கிறார். துருவல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். எர்த் கம்பியின் முனையில் வளைய டெர்மினல் அழுத்தி, சட்டத்தில் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு, பல் வாஷரோடு அதற்கென்றே ஒரு போல்ட்டில் முடுக்கினார். எர்த்தை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விட்டார். கார்டு பிய்த்து இழுபட்டாலும் கடைசியாக அறுவது அதுவாக இருக்க வேண்டும் என்பது முறை. இணைப்புகளில் ஈயம் வைத்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டார். திருகு வைத்து முடுக்கும் இடத்தில் மட்டும் ஈயம் வைக்கவில்லை. அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி நகர்ந்து, திருகு தளர்ந்துவிடும் என்றார். கடைசியில் மின்கம்பிகளிலிருந்து சட்டத்துக்குக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் 500 வோல்ட் இன்சுலேஷன் சோதனை செய்து, அளவைத் தாளில் எழுதிக் கொடுத்தார். தகட்டில் வெட்டிய பெரிய துளையை மட்டும் யாராலும் பழையபடி ஆக்க முடியாது.

நீங்கள் கொடுக்கும் முன் கேளுங்கள்: எர்த்தை எங்கே இணைப்பீர்கள், கார்டை இழுத்தால் தாங்கும் பிடிப்புக்கு என்ன போடுவீர்கள், சோதனை அளவைத் தருவீர்களா? விடை தடுமாறினால் கருவியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உட்புறத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் (அதைத் தொழில் தெரிந்தவரைக் கொண்டே திறந்து எடுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கும்). வேலை முடிந்ததும் மூடி திறந்த நிலையில் காட்டச் சொல்லி, பார்த்த பிறகு பணம் கொடுங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி உங்கள் கருவியில் இருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்டது, எர்த் இல்லாமலேயே வடிவமைக்கப்பட்டது. அதில் யாராவது எர்த் சேர்க்க வந்தால் காரணம் கேளுங்கள். ஜப்பானில் விற்ற கருவி என்றால் அது 100 வோல்ட்டுக்கானது. மூன்று பின் கார்டு போட்டதால் மட்டும் 230 வோல்ட்டில் செருகலாம் என்று ஆகிவிடாது.

ஏற்கெனவே இப்படிக் கார்டு மாற்றி வாங்கியவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எர்த் பின்னுக்கும் வெறும் உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வண்ணம் பூசிய இடத்தில் வைத்தால் அளவு வராது, ஒரு திருகின் தலையில் வையுங்கள். இரட்டைக் காப்புக் குறி இல்லாத கருவியில் இணைப்பு காட்டவில்லை என்றால் அதை இன்றைக்கே ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள், வேறொருவர் திறந்து பார்க்கும் வரை செருக வேண்டாம்.